தோட்டத்தைப் பார்க்கக் கூட்டமாக வருகிறவர்களுக்கு: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களை விட்டு லண்டன், மெல்பர்ன், சிங்கப்பூர் என்று குடியேறிவிட்ட நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போதெல்லாம் தனித்தனியாக வருவதில்லை. ஒரே தோட்டத்து வம்சாவளியாக முப்பது நாற்பது பேர் வாட்ஸ்அப்பில் ஒன்றுசேர்ந்து, தேதி குறித்து, பேருந்து பிடித்து வந்து இறங்குகிறார்கள். பாட்டி பால்வெட்டிய ரப்பர் மர நிரை, தாத்தா கல் சுமந்து கட்டிய முனியாண்டி கோயில், அப்பா படித்த தமிழ்ப்பள்ளி எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை. நல்ல ஆசை. ஊரும் சந்தோஷமாகத்தான் வரவேற்கிறது. ஆனால் அந்தக் கூட்டம் செலவழிக்கும் பணத்தில் ஊருக்கு எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். பேருந்து கோலாலம்பூர் கம்பெனியுடையது, தங்குவது ஈப்போ ஹோட்டலில், சாப்பாடு அங்கேயே கட்டிக்கொண்டு வந்த பொட்டலம். ஊருக்கு மிஞ்சுவது பள்ளிப் பிள்ளைகள் கையில் திணித்த பிஸ்கட் பையும் முகநூலில் ஏறும் படங்களும். பயணத்தைத் திட்டமிடும்போதே ஊர்க்காரர்களைக் கேட்டுத் திட்டமிட்டால், அதே பணத்தில் பெரும் பகுதி இங்கேயே தங்கும். அதை எப்படிச் செய்வது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வருவதற்கு முன்

வெளிநாட்டுக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் மலேசிய மின்னிலக்க வருகை அட்டையை வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். 2024 ஜனவரி முதல் இது கட்டாயம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் மலேசிய நிரந்தரவாசிகளுக்கும் விலக்கு உண்டு. குடிநுழைவுத் துறையின் தளத்தில் இது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். ஹோட்டலில் தங்கும் வெளிநாட்டவர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோலாலம்பூரிலிருந்து வடக்கே போகும் இ.டி.எஸ். மின்சார ரயில் சுங்கை சிப்புட்டிலும் நிற்கும். எல்லா ரயிலும் நிற்காது, அட்டவணையைப் பார்த்து எடுங்கள். ரயிலில் வந்து இறங்கினால் பெரிய பேருந்தே தேவையில்லை. தோட்டத்துச் செம்மண் பாதையில் அது எப்படியும் திரும்ப முடியாது. ஊரில் வேன் வைத்திருப்பவர்களைப் பிடியுங்கள். ஆனால் ஒன்று: வாடகைக்கு ஆள் ஏற்ற அனுமதி உள்ள வேனா, காப்புறுதி செல்லுமா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். பள்ளி வேன் ஓட்டும் அண்ணன் அன்பாக "நானே கூட்டிட்டுப் போறேன்" என்பார். ஏதாவது ஆனால் அவர் பிழைப்பே போய்விடும்.

வழிகாட்டி விஷயமும் அப்படித்தான். 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி, கட்டணம் வாங்கிக்கொண்டு சுற்றுலா வழிகாட்டியாக வேலை செய்ய உரிமம் வேண்டும். உரிமம் உள்ள தமிழ் வழிகாட்டிகள் இருக்கிறார்கள், ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர்களை விருந்தோம்புபவர்களாக, கதை சொல்பவர்களாக அழைத்து, அவர்கள் நேரத்துக்கு மரியாதையாக ஒரு தொகை கொடுங்கள். விளம்பரத்தில் அவர்களுக்குக் 'கைடு' என்று பெயர் போடாதீர்கள்.

தோட்டத்துக்குள்

நீங்கள் கேள்விப்பட்ட தோட்டம் அப்படியே இருக்கும் என்று நினைத்து வராதீர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிறது. நம்மவர்கள் பெரும்பாலும் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் மலிவு வீடுகளுக்கும் நகர்ந்துவிட்டார்கள். சில தோட்டங்களில் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடான லயம் இடிபட்டுத் தரைமட்டம். லயம் இன்னும் நிற்கும் இடங்களில் இன்று குடியிருப்பவர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். "இது எங்க பாட்டி வீடு" என்று நாற்பது பேர் வாசலில் நின்று படம் பிடித்தால் உள்ளே இருப்பவருக்கு அது சோதனைக்கு வந்த கூட்டமாகத்தான் தெரியும். இரண்டு பேர் மட்டும் முன்னே போய், வணக்கம் சொல்லி, எதற்காக வந்திருக்கிறோம் என்று சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். நம் தாத்தாமாரும் குடும்பத்தை விட்டுக் கடல் தாண்டி வந்து அதே அறையில் படுத்தவர்கள்தான்.

தோட்டம் தனியார் சொத்து. வாசலில் ஜாகா (காவலாளி) நிறுத்திவிடுவார். இரண்டு வாரம் முன்பே மானேஜருக்குக் கடிதம் எழுதுங்கள்: எத்தனை பேர், வண்டி எண், எத்தனை மணிக்கு, எங்கெங்கே. இடுகாட்டுக்குப் போய் விளக்கேற்ற வேண்டும் என்றால் அதையும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் பெரும்பாலும் நடக்காது. வேலை நாளில் குலை அறுப்பு நடக்கும். ஒரு செம்பனைக் குலை இருபது கிலோவைத் தாண்டும், மட்டையும் உயரத்திலிருந்துதான் விழும். பிள்ளைகள் பாதையை விட்டு இறங்கக் கூடாது.

ரப்பர் இன்னும் சிறுதோட்டக்காரர்களிடம் இருக்கிறது. பால்வெட்டைப் பார்க்க வேண்டும் என்றால் விடியலிலேயே வர வேண்டும். குளிர்ந்த நேரத்தில்தான் பட்டைக்குள் அழுத்தம் கூடுதலாக இருந்து பால் நன்றாக இறங்கும், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் அன்று வெட்டு இல்லை. பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலை உதிரும் காலத்தில் பலர் வெட்டையே நிறுத்திவைப்பார்கள். வெட்டுகிற அம்மாவின் கையைக் கவனித்துப் பாருங்கள். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரியும் கோடு. பால்குழாய்கள் மரத்தைச் சுற்றிச் சாய்வாக ஏறுவதால் அப்படி வெட்டினால்தான் அதிகம் அறுபடும். உளி சீவி எடுக்கும் பட்டை ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். உளி மரத்துக்குள் ரொம்ப ஆழமாக இறங்கினால் உள்ளே இருக்கும் வளர்படலம் காயப்படும், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. அதனால் பிள்ளைகளுக்கு ஆசையாக இருந்தாலும் அவர் பிழைப்புக்கு வெட்டும் மரத்தில் கைவைக்க விடாதீர்கள். வெட்டித் தீர்ந்த மரம் இருந்தால் அவரே காட்டுவார். உங்களுக்கு விளக்கிக்கொண்டு நிற்கும் நேரத்தில் வெயில் ஏறி அவருடைய அன்றைய பால் போய்விடும். ஒரு காலைக்கான வருமானத்தை முழுதாகக் கொடுப்பதுதான் நியாயம்.

சாப்பாடு

சாப்பாட்டில்தான் பணம் அதிக வீடுகளுக்குப் போகும், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் தாமானில் வீட்டிலேயே சமைத்துக் கொடுக்கும் ஓர் அக்கா இருக்கிறார். நாற்பது பேருக்கு மதியச் சாப்பாடு என்றால் ஐந்து நாளாவது முன்னால் சொல்லச் சொல்வார். கோழிக்குச் சொல்லிவைக்க வேண்டும். வாழையிலை அடுத்த தெருத் தாத்தாவின் கொல்லையிலிருந்து வரும். மசாலா அரைக்கவும் காய் நறுக்கவும் தங்கச்சி முறை உள்ள இரண்டு பேர் முதல் நாள் மாலையே வந்துவிடுவார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு எரியும். அக்கா, கோழிக்காரர், இலைக்காரத் தாத்தா, உதவிக்கு வரும் இருவர், மளிகைக்கடைக்காரர் என்று உங்கள் ஒரு வேளைச் சாப்பாடு இத்தனை வீட்டுக்குப் போகிறது.

அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது மூன்றே. பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுங்கள், இல்லையென்றால் அவர் கடையில் கடன் சொல்லித்தான் சாமான் வாங்குவார். சைவம் எத்தனை பேர் என்று முன்பே எண்ணிச் சொல்லுங்கள். வந்த அன்று "பத்துப் பேர் வரவில்லை" என்றால் அந்தப் பத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுங்கள். பவுண்டில் சம்பாதிப்பவர்கள் இரண்டு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) பேரம் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

காலைப் பசியாற ஒட்டுக்கடைகளுக்குப் போகிறீர்கள் என்றால் பத்துப் பத்துப் பேராகப் பிரிந்து போங்கள். நாற்பது பேரும் ஒரே கடையில் நின்றால் கடைக்காரரின் அன்றாட வாடிக்கையாளருக்குத் தோசை கிடைக்காது. சில்லறையாக வெள்ளி நோட்டுகள் கையில் இருக்கட்டும்.

கோயிலுக்கும் பள்ளிக்கும் கொடுப்பது

இங்குதான் நல்ல மனசோடு வரும் பணம் வீணாகிறது. பல தோட்டக் கோயில்கள் தோட்ட நிலத்தில், எந்தப் பட்டாவும் இல்லாமல் எழும்பியவை. நிலம் கைமாறினால் கோயிலை நகர்த்தச் சொல்வார்கள். கோபுரத்துக்கும் மார்பிளுக்கும் அள்ளிக் கொடுப்பதற்கு முன், நிலம் யார் பெயரில் இருக்கிறது, நிர்வாகம் சங்கப் பதிவிலாகாவில் பதிவாகியிருக்கிறதா, ஆண்டுக் கணக்கு தாக்கல் ஆகிறதா என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை இல்லை. நல்ல நிர்வாகம் கணக்கை எடுத்துக் காட்டும். நிலம் உறுதியாகவில்லை என்றால் உங்கள் பணம் வழக்கறிஞருக்கும் நில அலுவலக வேலைக்கும் போவதுதான் கோயிலைக் காப்பாற்றும். அதில் கல்வெட்டில் பெயர் வராது. பரவாயில்லை, கொடுங்கள்.

நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, 150க்கும் குறைவான மாணவர்கள் படிக்கும் சிறு பள்ளிகள். தலைமையாசிரியரின் அனுமதி இல்லாமல் வாசலில் போய் நிற்காதீர்கள், பாட நேரத்தில் வகுப்புக்குள் நுழையாதீர்கள், பிள்ளைகளின் முகத்தைப் படம் பிடித்துப் போடாதீர்கள். கணினியும் புத்தகப் பையும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள், ஆனால் பள்ளியைக் கேட்டால் வேன் கட்டணம் என்று சொல்லக்கூடும். குடும்பங்கள் தோட்டத்தை விட்டு வந்த பிறகு பிள்ளைகள் தூரத்துத் தாமான்களிலிருந்து வருகிறார்கள். வேனுக்குக் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை பக்கத்தில் இருக்கும் வேறு பள்ளிக்குப் போய்விடும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமோ பள்ளி மேலாளர் வாரியத்திடமோ கேட்டு, அவர்கள் சொல்வதற்குக் கொடுத்து, ரசீது வாங்குங்கள்.

இந்த ஊருக்குப் பணத்தை நடத்தத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு வேலையும் வீடும் போன காலத்தில், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் வீ. தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். பால்வெட்டுகிறவர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர் முயற்சியில் எழுந்த தமிழ்ப்பள்ளியான மகாத்மா காந்தி கலாசாலையை 1954இல் விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்தார். அதனால் எதற்குச் செலவு செய்வது என்ற முடிவை லண்டனிலேயே எடுத்துவிட்டு வராதீர்கள். முடிவை இங்கே இருப்பவர்களிடம் விடுங்கள், கணக்கை மட்டும் கேளுங்கள்.

பெரியவர்களிடம் பேசுவது

தொண்ணூறு வயதை ஒட்டியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். 1942, 43இல் ஜப்பானியரால் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத அப்பாவையோ அண்ணனையோ நினைவில் வைத்திருப்பவர்கள். எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டது 1948 ஜூன் 16 அன்று. அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் 1960 வரை நீண்டது. முள்வேலியும் அரிசிக் கட்டுப்பாடும் இவர்களுக்குப் பள்ளிப் பருவ நினைவு. இதையெல்லாம் பேருந்திலிருந்து இறங்கிய வேகத்தில் கைப்பேசியை நீட்டிக் கேட்கக் கூடாது. முதல் நாள் சும்மா போய் ஆயா, தாத்தா என்று உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். மறுநாள் ஒரு குடும்பம் மட்டும் போங்கள். பதிவு செய்யலாமா என்று அவரிடமும் பிள்ளைகளிடமும் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்ன பகுதியை அழித்துவிடுங்கள்.

ஒரு நாள் மிச்சம் இருந்தால் கோலகங்சார் பக்கம்தான். 1877இல் வந்த கன்றுகளில் வளர்ந்த பழைய ரப்பர் மரம் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் சாயோங்கில் மலாய்க் குடும்பங்கள் சுரைக்காய் வடிவத்தில் செய்யும் கறுப்பு மண்கூஜாவை, செய்கிறவர் வீட்டிலேயே வாங்குங்கள். லாசா பக்கம் உள்ள தெமியார் பழங்குடிகளின் கிராமங்களுக்கு மட்டும் அவர்கள் அழைக்காமல் வேன் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கடைசியாக, வீட்டில் இருக்கும் பழைய படங்களைக் கொண்டு வாருங்கள். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்ற படம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைப் படம், திருவிழாப் படம், எதுவானாலும் சரி. இங்கே இருப்பவர்களிடம் பெரும்பாலும் அவை இல்லை. வீடு மாறி மாறித் தொலைந்துவிட்டன. அசலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாக அச்சிட்ட பிரதி ஒன்றைப் பள்ளிக்கும் ஒன்றைக் கோயில் நிர்வாகத்துக்கும் கொடுங்கள். பின்பக்கத்தில் தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஆண்டு, யார் யார் என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். தெரியாத முகங்களுக்கு நேரே இடம் விட்டுவையுங்கள். ஊரில் யாராவது பார்த்துப் பெயர் சொல்வார்கள்.