முதல் முறையாகக் கார் கட்டுபவர் ரெப்ளிகா கிட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

புகழ்பெற்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் உருவத்தை ஒத்த பாடி, அதைத் தாங்கும் புதிய சேசிஸ், இரண்டையும் இணைக்கும் உதிரிபாகங்கள் ஆகியவற்றைப் பெட்டிகளில் வாங்கி, வீட்டிலேயே பூட்டி முடிக்கும் காரைத்தான் ரெப்ளிகா கிட் கார் என்கிறோம். இதை வாங்குபவர்களில் பலர் படத்தில் கண்ட உருவத்தை வைத்தே முடிவெடுக்கிறார்கள். அப்படி வாங்கிய கிட்டுகள்தாம் பின்னாளில் தார்ப்பாயின் கீழ் தூசி படிந்து கிடந்து, "பாதி முடிந்த நிலையில் விற்பனைக்கு" என்ற விளம்பரத்தில் வந்து நிற்கின்றன. ஆகவே "எந்தக் கார் அழகு?" என்பதற்கு முன்பாக "எந்தக் காரை என்னால் கட்டி முடிக்க முடியும்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கீழே உள்ள படிகள் அந்தக் கேள்வியின் வரிசையில் அமைந்தவை; உருவம் மூன்றாம் படியில்தான் வருகிறது.

படி 1: இடத்தையும் நேரத்தையும் அளந்துகொள்ளுங்கள்

ஒரு கார் நிற்கும் இடம் இருந்தால் போதும் என்று நினைப்பது வழக்கமான தவறு. கட்டுமானத்தின் பெரும்பகுதியில் சேசிஸ் ஓரிடத்திலும், கழற்றி வைத்த பாடி வேறோரிடத்திலும் இருக்கும். அந்தப் பாடி ஏறத்தாழ ஒரு முழுக் காரின் நீள அகலத்தை அடைத்துக்கொள்ளும். அதைச் சுவரோரம் உயரத்தில் நிறுத்தவோ சக்கரம் வைத்த மரச்சட்டத்தில் தள்ளி வைக்கவோ வழி உண்டா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, பாகங்கள் யாவும் புதிதாக வரும் எளிய கிட்டுக்கே 100 மணி நேர அளவில் உழைப்பு தேவைப்படும். பழைய காரிலிருந்து பாகங்களைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டும் கிட்டுகள் பல நூறு மணி நேரத்தை விழுங்கும். வாரத்திற்கு 8 மணி நேரம் ஒதுக்கக்கூடியவருக்கு 100 மணி நேர வேலை மூன்று மாதத்தில் முடியும். 500 மணி நேர வேலைக்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். நிறுவனம் சொல்லும் மணிக்கணக்கு அனுபவசாலிகளுக்கு உரியது என்று வைத்துக்கொண்டு, உங்கள் கணக்கை அதற்கு இருமடங்காகப் போட்டுக்கொள்வது நல்லது.

படி 2: பதிவு விதிகளை வாங்குவதற்கு முன்பே படியுங்கள்

கட்டி முடித்த காரைச் சாலையில் ஓட்ட முடியாவிட்டால் அது வெறும் காட்சிப்பொருள். பிரிட்டனில் இத்தகைய கார்கள் தனி வாகன ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும். அங்கே பிரேக், விளக்கு ஆகியவற்றோடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூரிய விளிம்புகளையும் அளந்து பார்க்கிறார்கள். அமெரிக்காவில் பதிவு முறை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், பதிவு அலுவலகத்தின் விதிகளை நேரடியாகப் படித்துவிட்டு, "உங்கள் கிட் இந்த விதிகளின் கீழ் பதிவாகியிருக்கிறதா? பதிவு செய்த ஒருவரோடு பேச முடியுமா?" என்று நிறுவனத்திடம் கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் அந்தக் கிட்டை விட்டுவிடலாம். மேலும், புகைச் சோதனையின் வரம்பு இன்ஜினின் வயதைப் பொறுத்து மாறும் இடங்கள் உண்டு என்பதால், இன்ஜின் வாங்கிய ரசீதையும் அதன் எண்ணையும் தொடக்கம் முதலே பத்திரப்படுத்த வேண்டும்.

படி 3: எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான்.

முதல் முறை கட்டுபவருக்கு என் பரிந்துரை செவன் வகை. லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மன் 1957-இல் அறிமுகப்படுத்திய செவன், தொடக்கத்திலேயே கிட்டாகவும் விற்கப்பட்டது; முழுக் காருக்கு விதிக்கப்பட்ட கொள்முதல் வரி பாகங்களாக வாங்கினால் கிடையாது என்பதே அதற்குக் காரணம். 1973-இல் கேட்டர்ஹாம் என்ற நிறுவனம் அதன் உரிமையைப் பெற்றது; அதே அமைப்பில் வேறு பல நிறுவனங்களும் கிட்டுகளை விற்கின்றன. இதன் பாடியில் பெரும்பகுதி தட்டையான அலுமினியத் தகடு. இறக்கும் கண்ணாடி கொண்ட கதவோ நிலையான கூரையோ கிடையாது. அவை இல்லாத காரில் கதவு இடைவெளியைச் சரிசெய்யும் வேலையும், மழைநீர் கசிவை அடைக்கும் வேலையும் இல்லை. அனுபவமில்லாதவரை மாதக்கணக்கில் தடுத்து நிறுத்துபவை இவைதாம்.

அடுத்த நிலையில் கோப்ரா வகை. பிரிட்டனின் ஏ.சி. காரில் ஃபோர்டு வி8 இன்ஜினைப் பொருத்தி கேரல் ஷெல்பி 1962-இல் உருவாக்கிய இந்தக் காரில் அசல் சுமார் ஆயிரம்தான். இன்று சாலையில் காணப்படுபவற்றில் மிகப்பெரும்பாலானவை ரெப்ளிகாக்களே. முன்னால் இன்ஜின், நடுவில் கியர்பாக்ஸ், பின்சக்கர இயக்கம் என்ற நேரான அமைப்பு இருப்பதால் எந்தப் பாகம் எங்கே போகிறது என்பது பார்த்தாலே புரியும். சிரமம் பாடியில் இருக்கிறது. வளைவுகள் நிறைந்த ஃபைபர்கிளாஸைப் பட்டி பார்த்து, தேய்த்து, பெயிண்ட் அடிப்பது தனித் தொழில். அதை வெளியே கொடுத்துச் செய்வதற்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள். பக்கவாட்டில் செல்லும் சைலன்சர் குழாய் இறங்கும்போது காலைச் சுடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர் வகைக் கிட்டுகளில் பல, ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தளத்தின் மேல் அமர்பவை. பீட்டிலின் இன்ஜின் காற்றால் குளிர்வதால் ரேடியேட்டரும் தண்ணீர்க் குழாய்களும் தேவையில்லை; நான்கு போல்ட்டுகளைக் கழற்றினால் இன்ஜின் கீழே இறங்கிவிடும். ஆனால் 356-இன் முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம் 2,100 மி.மீ., பீட்டிலினுடையது 2,400 மி.மீ. அசலின் அளவு வேண்டுமானால் அடித்தளத்தை வெட்டிச் சுருக்கி வெல்டு செய்ய வேண்டும். அந்த வேலையை ஒருபோதும் நீங்களே செய்து பழகாதீர்கள். சுருக்கி, நேர் பார்த்து முடித்த அடித்தளத்தையே கேட்டு வாங்குங்கள்.

ஃபோர்டு ஜி.டி.40, லம்போர்கினி கவுன்டாஷ் போன்ற, இருக்கைக்குப் பின்னால் இன்ஜின் அமைந்த நடு இன்ஜின் கார்களின் ரெப்ளிகாக்களை முதல் முயற்சிக்கு நான் பரிந்துரைப்பதில்லை. கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கர அமைப்பு) ஒன்றான டிரான்ஸ்ஆக்ஸில், முன்னாலிருந்து பின்னால் வரை ஓடும் தண்ணீர்க் குழாய்கள், நீண்ட கியர் கேபிள், கண்ணாடியோடு கூடிய கதவுகள் என ஒவ்வொன்றும் கட்டுபவரின் பொறுமையைச் சோதிக்கும்.

படி 4: டோனர் காரா, புதிய பாகங்களா?

டோனர் கார் என்பது பாகங்களைக் கழற்றி எடுப்பதற்காக வாங்கும் பழைய வண்டி. முதல் பார்வைக்கு இது மலிவான வழி. துருப்பிடித்த போல்ட்டுகளோடு போராடி முடித்தபின், புஷ், பேரிங், பிரேக் ஹோஸ், ஆயில் சீல் என்று வரிசையாக வாங்கத் தொடங்கும்போது மிச்சம் பிடித்ததில் கணிசமான பகுதி கரைந்துவிடுகிறது. என் கருத்தில், டோனரிலிருந்து இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பிரேக்கும் சஸ்பென்ஷன் தேய்பாகங்களும் புதியவையாக இருப்பதே சரி. டோனரை ஓடும் நிலையில் வாங்கி, எல்லாக் கியரிலும் ஓட்டிப் பார்த்த பிறகே கழற்றத் தொடங்குங்கள்; ஒவ்வொரு வயரையும் கழற்றுவதற்கு முன் சீட்டு ஒட்டிப் படம் எடுத்துவிடுங்கள்.

படி 5: நிறுவனத்தைச் சோதியுங்கள்

பணம் கட்டுவதற்கு முன்பே செய்முறைக் கையேட்டைக் கேட்டு வாங்கி, வயரிங் அத்தியாயத்தையும் பிரேக் அத்தியாயத்தையும் மட்டும் படியுங்கள். சேசிஸ் அத்தியாயம் எல்லாக் கையேட்டிலும் நன்றாகவே இருக்கும். வயரிங் பகுதியில் "டோனர் வயரிங்கைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளவும்" என்று ஒரே வரியில் முடித்திருந்தால், அந்த ஒரு வரி உங்களுக்குப் பல வார வேலை என்று பொருள். அடுத்து, பெட்டியில் வராதவை எவை என்று எழுத்தில் கேளுங்கள். சக்கரம், டயர், இன்ஜின், பெயிண்ட் ஆகியவை பெரும்பாலும் விலைப்பட்டியலுக்கு வெளியே நிற்கும். சீட்டும் முன்கண்ணாடியும் கூடச் சில இடங்களில் அப்படித்தான்.

பிறகு அந்த நிறுவனத்தின் கிட்டில் முடித்த கார் ஒன்றை நேரில் பாருங்கள். பக்கவாட்டில் குனிந்து, பாடியின் மேல் வெளிச்சம் ஓடும் கோட்டைக் கண்ணால் தொடர்ந்தால், மேடுபள்ளம் உடனே தெரிந்துவிடும். சேசிஸின் வெல்டுகள் சீரான பட்டையாக இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். கடைசியாக உள்ளே உட்கார்ந்து மூன்று பெடல்களையும் முழுதாக மிதியுங்கள். இதைக் குறைவாக எண்ண வேண்டாம்: 1967-இல் லெ மான் பந்தயத்தை வென்ற ஃபோர்டு காரில், அதை ஓட்டிய உயரமான டான் கர்னியின் ஹெல்மெட்டுக்காகக் கூரையில் தனியே ஒரு புடைப்பு வைக்க வேண்டியிருந்தது. கிட் நிறுவனம் உங்களுக்காகப் புதிய அச்சு செய்து தராது.

அசல் நிறுவனத்தின் சின்னத்தை ஒட்டித் தருவதாகச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஃபெராரி டேட்டோனாவை அப்படியே ஒத்த கார்களைத் தயாரித்த ஒருவருக்கு எதிராக 1991-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வழக்கில் சிக்கி மூடப்படும் நிறுவனத்திடம் பின்னாளில் உதிரிபாகம் கிடைக்காது.

பிறர் பாதியில் விட்ட கிட்டை வாங்குவதும் உண்டு. ரசீதுகளும் பாகப் பட்டியலும் முழுதாக இருந்து, தயாரிப்பு நிறுவனம் இன்னும் இயங்கினால் மட்டும் யோசிக்கலாம்.

படி 6: ஆர்டரும் முதல் நாளும்

சில நிறுவனங்கள் கிட்டைப் பகுதி பகுதியாகவும் விற்கின்றன. சேசிஸையும் சஸ்பென்ஷனையும் முதலில் வாங்கி, அவற்றை முடித்தபின் அடுத்ததை வாங்குவது புதியவருக்குப் பொருத்தமானது. ஆனால் இடையில் விலை ஏறினால் எந்த விலை செல்லும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டிகள் வந்த அன்று ஸ்பேனரைத் தொடாமல், பட்டியலை வைத்து ஒவ்வொரு நட்டையும் எண்ணிச் சரிபாருங்கள். விடுபட்டதைத் தெரிவிக்க நிறுவனங்கள் தரும் கெடு பொதுவாகக் குறுகியது.