பிஎச்.டி. படிக்கும் அம்மாக்களுக்கு 240 நாள் விடுப்பு உண்டு

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஆய்வேட்டை முடிக்க முடியாது என்று பதிவையே ரத்து செய்ய நினைக்கும் தோழிகள் முதலில் இதைப் படியுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 பிஎச்.டி. விதிமுறைப்படி, பெண் ஆய்வாளர்களுக்குப் படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்து 240 நாள் வரை மகப்பேறு விடுப்போ குழந்தைப் பராமரிப்பு விடுப்போ தரலாம். பிஎச்.டி.யை முடிக்கப் பொதுவான உச்சவரம்பு 6 ஆண்டு. மறுபதிவில் 2 ஆண்டு, பெண்களுக்கு இன்னும் 2 ஆண்டு, ஆக 10 ஆண்டு வரை போகலாம். ஆனால் இது தானாக வராது. நெறியாளர் வழியாக எழுத்தில் விண்ணப்பித்து, உத்தரவின் நகலைப் பத்திரமாக வையுங்கள். விடுப்பில் உதவித்தொகை தொடருமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், எழுதும் வேலை. குழந்தை தூங்கும் அரை மணியில், எங்கே விட்டோம் என்று தேடியே பாதி நேரம் போய்விடும். எழுதுவதை நிறுத்தி எழுந்திருக்கும் முன், அடுத்து எழுத வேண்டிய வரியைத் துண்டுத்தாளில் குறித்து மடிக்கணினி மேல் ஒட்டிவிடுவேன். எனக்கு இது பெரிய உதவி.

வீட்டில் "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். சனிக்கிழமை 9 முதல் 12 வரை குழந்தை அப்பாவின் பொறுப்பு என்று நேரம் சொல்லிக் கேளுங்கள். அந்த நேரத்தில் சமையலறைப் பக்கம் போகவே வேண்டாம்.