வல்லுநர் அறிக்கையை ஊர்ச் சபையில் வைத்து வாசிப்பது எப்படி

வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரங்களில் ஒரு புதிய ஆலைக்கோ ஆலை விரிவாக்கத்துக்கோ மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டால், அத்திட்டத்தால் வரக்கூடிய பாதிப்பை வல்லுநர்கள் ஆராய்ந்து எழுதிய சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைப் பற்றி ஊரில் இரண்டு விதமான பேச்சு எழுகிறது. ‘படித்தவர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள், நமக்கு என்ன தெரியும்’ என்பது ஒன்று. ‘காசு கொடுத்து எழுதி வாங்கிய அறிக்கை, அதைப் படிப்பானேன்’ என்பது மற்றொன்று. முதல் பேச்சு, ஊர் எடுக்க வேண்டிய முடிவை வேறொருவர் கையில் கொடுத்துவிடுகிறது. இரண்டாவது பேச்சு, ஊருக்குப் பயன்படக்கூடிய சான்றையே தூக்கி எறிந்துவிடுகிறது. ஓர் ஊராட்சியோ விவசாயிகள் சங்கமோ மகளிர் குழுவோ இவ்விரண்டையும் தவிர்த்துவிட்டு அந்த அறிக்கையை என்ன செய்யலாம் என்பதைப் பாலாற்றங்கரையின் அனுபவத்தை முன்வைத்து எழுதுகிறேன்.

தோல் ஆலைகளின் கழிவு நிலத்தையும் நீரையும் கெடுப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டறிந்ததை அத்தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. அதே தீர்ப்பில், திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பும் இடம்பெற்றிருக்கிறது: 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுப்போயிருந்தன. பல்கலைக்கழகத்தின் அளவீடும், கிணறு கிணறாகப் போய் எண்ணிய எண்ணிக்கையும் நீதிமன்றத்தின் முன் அருகருகே நின்றன என்பதை நம் ஊராட்சிகள் மறக்கக் கூடாது. ஆனால் ஒவ்வோர் ஆலையும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்கப்பட வேண்டும், ஆற்றங்கரையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் மிகுந்த மாசு உண்டாக்கும் தொழில்களுக்குத் தடை விதித்த 1989ஆம் ஆண்டு அரசாணை நடைமுறைக்கு வர வேண்டும் என்ற கட்டளைகளை எந்த ஆய்வுக்கூடமும் அளந்து சொல்லவில்லை. எவ்வளவு கேட்டைப் பொறுக்கலாம், அதற்கு யார் விலை கொடுப்பது என்பவை நியாயம் பற்றிய கேள்விகள்.

அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, இவ்விரு வகைக் கூற்றுகளைப் பிரிப்பதுதான். ஒரு நோட்டில் நடுவே கோடு கிழித்து, அளவிடக்கூடிய கூற்றுகளை ஒருபுறமும், தீர்ப்பாகச் சொல்லப்பட்டவற்றை மறுபுறமும் எழுதுங்கள். ‘இக்கிணற்றில் ஒரு லிட்டருக்கு 1,800 மில்லிகிராம் கரைந்த உப்புகள் உள்ளன’ என்பது முதல் வகை. ‘இத்திட்டத்தின் நன்மைகள் பாதிப்பைவிட அதிகம்’ என்பது இரண்டாம் வகை. இதை எழுதியவர் முனைவர் பட்டம் பெற்றவராக இருந்தாலும், இந்தக் கேள்வியில் அவருக்கு இருப்பது ஒரு குடிமகனின் ஒற்றை வாக்கு மட்டுமே. சில கூற்றுகள் இரண்டும் கலந்தவையாக இருக்கும். அவற்றில்தான் கூடுதல் கவனம் தேவை.

‘வரம்புக்குள் உள்ளது’ என்ற சொற்றொடர் அப்படிப்பட்டது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்த உப்புகளுக்கு இரண்டு வரம்புகள் உண்டு: ஏற்கத்தக்கது லிட்டருக்கு 500 மில்லிகிராம்; வேறு நீராதாரமே இல்லாத நிலையில் அனுமதிக்கப்படுவது 2,000 மில்லிகிராம். நான் மேலே சொன்ன 1,800 என்ற எடுத்துக்காட்டை ‘வரம்புக்குள்’ என்று ஒருவர் எழுதினால் அவர் பொய் சொல்லவில்லை; ஆனால் அந்த ஊருக்கு வேறு வழியில்லை என்று ஊரைக் கேட்காமலேயே முடிவு செய்துவிட்டார். எனவே அச்சொல் வரும் இடத்திலெல்லாம் எந்த வரம்பு, எதற்கான வரம்பு, குடிக்கவா பாய்ச்சவா ஆற்றில் விடவா என்று கேட்டு எழுதி வையுங்கள். தோல் பதனிடப் பயன்படும் உலோகமான குரோமியம், ஆற்றில் விடும் கழிவுநீரில் மொத்தமாக லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம், குடிநீரிலோ 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, அதில் தளர்வும் கிடையாது. இடையில் நாற்பது மடங்கு வித்தியாசம்.

இன்னொரு நுட்பத்தை நம் மொழியே காட்டித் தருகிறது. ‘பாதிப்பு இல்லை’ என்பது வேறு, ‘பாதிப்பு இருப்பதாகத் தெரியவில்லை’ என்பது வேறு. தேடிப் பார்த்து இல்லை என்று கண்டவர் முதலாவதை எழுதலாம். போதுமான அளவு தேடாதவரும் இரண்டாவதை எழுதிவிடலாம். பெரும்பாலான அறிக்கைகள் திட்ட இடத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டத்தில், மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில் எடுத்த மாதிரிகளையே நம்பியிருக்கின்றன. பாலாற்றின் உயிர் மணலுக்கு அடியில் ஓடும் ஊற்றில் இருக்கிறது. 2021 நவம்பரில் வந்ததைப் போன்ற ஒரு வெள்ளத்துக்குப் பிறகு எடுக்கும் நீருக்கும், சித்திரை வெயிலில் கிணற்றடியில் கசியும் நீருக்கும் ஒரே எண் வராது. ஆகவே எந்த மாதம், எந்தக் கிணறு, எத்தனை அடி ஆழம், ஆலைக்கு மேற்புறமா கீழ்ப்புறமா என்பவற்றை அட்டவணையிலிருந்து எடுத்து, ஊர் வரைபடத்தில் புள்ளியாகக் குறித்துப் பாருங்கள். நீங்கள் கெட்டுப்போனதாக அறிந்த கிணறுகள் இருக்கும் பக்கத்தில் ஒரு புள்ளிகூட இல்லை என்றால், கூட்டத்தில் பேச வேண்டிய முதல் செய்தி அதுவே.

இங்கே 1996 தீர்ப்பு ஒரு துணை தருகிறது. மீட்க முடியாத கேடு வரக்கூடிய இடத்தில், அறிவியல் உறுதி முழுமையாக இல்லை என்ற காரணத்தைக் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்றும், தன் செயல் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அச்செயலைச் செய்பவருடையது என்றும் அது கூறியது. ‘உங்களிடம் ஆதாரம் இருக்கிறதா’ என்று ஒரு விவசாயியை யாராவது மடக்கினால், அந்தப் பொறுப்பு தம்முடையது அன்று என்று அவர் பணிவாகவும் உறுதியாகவும் சொல்லலாம்.

அப்படியிருந்தும் சொந்தச் சான்று இருப்பது நல்லது. கிணற்றுக்கு ஒரு பக்கம் வீதம் ஒதுக்கி, புல எண், ஆழம், தண்ணீர் உவர்த்துப்போன ஆண்டு, அதற்கு முன்னும் பின்னும் பயிரிட்டவை, தென்னையின் காய்ப்பு ஆகியவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். நீர் மாதிரி எடுக்கும்போது மோட்டாரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, அதே நீரில் புட்டியை மூன்று முறை அலசி, தேதி, நேரம், சாட்சிக் கையொப்பத்துடன் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். குரோமியத்துக்கான புட்டியை ஆய்வகத்திலிருந்தே கேட்டு வாங்கி, அதை அலசாமல் அவர்கள் சொல்லும் முறையில் நிரப்ப வேண்டும். ஆர்.ஓ. பழுது பார்ப்பவர் வைத்திருக்கும் கையடக்க மீட்டர் உப்பின் அளவை ஓரளவு காட்டும். குரோமியம் இருக்கிறதா என்று அது சொல்லாது. ஆலைக்கு மேற்புறம் உள்ள ஒரு கிணற்றையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். நீங்களாக எடுத்த மாதிரி, 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் எடுக்கும் சட்டபூர்வ மாதிரிக்கு ஈடாகாது. ஆனால் அலுவலரை அந்த இடத்துக்கு வரச் சொல்லிக் கேட்பதற்கு அது போதும்.

அடுத்தது, நமக்கென்று ஒரு வல்லுநரைத் தேடுவது. வேலூரில் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் குறைவில்லை. விரிஞ்சிபுரத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வேதியியலோ நிலத்தடி நீரோ கற்பிக்கும் ஒருவரை அணுகும்போது ‘இத்திட்டம் வரலாமா, கூடாதா’ என்று கேட்காதீர்கள். அக்கேள்வி அவரைச் சங்கடத்தில் ஆழ்த்தும், நம் வேலையையும் அவர் தலையில் ஏற்றிவிடும். இக்கழிவு தரையில் இறங்கினால் எத்தனை காலத்தில் எவ்வளவு தூரம் போகும், அதைத் தடுக்க எத்தனை வழிகள் உண்டு, ஒவ்வொரு வழியிலும் மிஞ்சும் கழிவு எங்கே போகும், இவ்வறிக்கையில் அளக்காமல் விட்டது எது என்று கேளுங்கள். அவர் ‘இது எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் இடங்களை மரியாதையோடு குறித்துக்கொள்ளுங்கள். ஊருக்கு அவையும் தேவை.

‘மிஞ்சும் கழிவு எங்கே போகும்’ என்ற கேள்வியை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பகுதியில் பல தோல் ஆலைகளின் கழிவுநீரை ஒன்றாகச் சுத்திகரிக்க முதலில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரின் அழுகல் பொருளையும் குரோமியத்தையும் குறைப்பதை நோக்கமாகக் கொண்டிருந்தன. தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்போ, அந்த முறைகளில் நீங்காமல் நீரோடு வெளியேறியது. பொறியாளர்கள் தம்மிடம் கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொன்னார்கள். நிலம் உவர்த்துப்போகிறதே என்ற விவசாயியின் கேள்வி போதிய அழுத்தத்தோடு அவர்கள் மேசைக்குப் போகவில்லை. பின்னர் ஆர்.ஓ. முறையும் கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாடும் வந்தபோது, ஆவியாக்கி எடுத்த கலப்பு உப்பை எங்கே வைப்பது என்ற கேள்வி முளைத்தது. கசடும் அப்படித்தான்: 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஒவ்வொரு தொழில்நுட்பத் தீர்வும் கேட்டின் ஒரு பகுதியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்துகிறது. அது யார் வாசலுக்கு நகர்கிறது என்பதை அந்த வாசலில் குடியிருப்பவர்களையும் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

கிராம சபையில் இதைப் பேசும்போது, காலணி ஆலைக்கும் தோல் ஆலைக்கும் வேலைக்குப் போகிறவர்களை, குறிப்பாகப் பெண்களை, எதிர்த்தரப்பாக எண்ணிவிடாதீர்கள். அவர்களும் அதே கிணற்று நீரைக் குடிப்பவர்கள். வேலை போய்விடுமோ என்ற அவர்களுடைய அச்சமும் அறிக்கையில் அளக்கப்படாத ஒரு பாதிப்பே. ஆண்டுக்கு ஆறு கிராம சபைகளில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவை விடுமுறை நாள்களில் வருவதால், அவர்கள் வரக்கூடிய அந்நாள்களில் இப்பொருளை வையுங்கள். தீர்மானத்தில் ‘எதிர்க்கிறோம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடாமல், அறிக்கையின் எந்தப் பக்கத்தில் எது விடுபட்டிருக்கிறது, எந்த நிபந்தனை இல்லாமல் ஏற்க இயலாது என்று எழுதுங்கள்.

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பும், உள்ளூர் மொழியில் சுருக்க அறிக்கையும் தரப்பட வேண்டும். கூட்டம் காணொளியாகப் பதிவாக வேண்டும். நடவடிக்கைக் குறிப்பு முடிவில் தமிழில் விளக்கப்பட வேண்டும். எல்லாத் திட்டங்களுக்கும் இக்கூட்டம் கட்டாயம் அன்று, ஆகவே உங்கள் திட்டம் எந்த வகையில் வருகிறது என்பதை முதலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேட்டறியுங்கள். மேடையில் அமர்ந்திருப்பவர்கள் அங்கே முடிவெடுப்பதில்லை. நீங்கள் பேசியது குறிப்பாக எழுதப்பட்டு, உங்கள் ஊரைப் பார்த்திராத வல்லுநர் குழுவின் முன் காகிதமாகப் போய்ச் சேரும். ஆதலால் பேசியதை எழுத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். குறிப்பை வாசிக்கும் வரை எழுந்து போகாதீர்கள், விடுபட்டதை அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டுவிட்டால், அதை எதிர்த்துத் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்கள் உண்டு; தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள்கள் வரை ஏற்கப்படலாம். தீர்ப்பாயத்தில் நீதித்துறை உறுப்பினரோடு வல்லுநர் உறுப்பினரும் அமர்வதால், கிணற்று நோட்டும் ஆய்வக முடிவும் அங்கே பொருளோடு வாசிக்கப்படும். வழக்கு வேண்டாம் என்று ஊர் முடிவு செய்தாலும் வேலை முடிந்துவிடாது. 1996இல் தீர்ப்பு வந்த பாலாற்று மாசு குறித்து, 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்கவும், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் ஒரு குழு அமைக்கவும் உத்தரவிட வேண்டியிருந்தது. அனுமதி பெற்றவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில், நிபந்தனைகளைப் பின்பற்றிய விவரத்தை ஒப்படைக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் அதன் நகலைக் கேட்டு வாங்கி, அதே கிணறுகளில் அதே மாதத்தில் மறுபடி எடுத்த அளவுகளோடு வைத்துப் பார்த்து, வேறுபாட்டை அடுத்த கிராம சபையில் வாசித்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.