குறட்டைக்காரரின் ரத்த அறிக்கையில் சி.ஆர்.பி.யைப் படிக்கும் முறை

தூக்கத்தில் மூச்சுத்தடை உள்ளவருக்குத் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும்போதெல்லாம் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை திடுக்கிட்டு விழித்து மூச்சை இழுக்கச் செய்ததும் மீண்டும் ஏறுகிறது. இரவு முழுதும் நீளும் இந்த ஏற்ற இறக்கம் இன்டர்லியூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருட்களைத் தூண்ட, அவற்றின் தூண்டுதலால் கல்லீரல் சி.ஆர்.பி. என்னும் புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கிறது.

பரிசோதனைக்குச் செல்லும்போது சாதாரண சி.ஆர்.பி. வேண்டாம், மிகச் சிறிய அளவையும் காட்டும் ‘ஹெச்.எஸ். சி.ஆர்.பி.’ வேண்டும் என்று கேளுங்கள். அதற்காக மட்டும் வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. சளி, காய்ச்சல், ஈறு வீக்கம் இருந்தால் அது தணிந்து இரண்டு வாரமாவது கழியட்டும். மழைக்காலத்தில் காட்பாடி, வேலூர்ப் பக்கம் காய்ச்சல் கண்டு எழுந்தவர்களுக்கு இது முக்கியம்.

அறிக்கை கைக்கு வந்ததும் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அலகைப் பாருங்கள். ஒரு லேப் லிட்டருக்கு மில்லிகிராம் என்று போடும், இன்னொன்று டெசிலிட்டருக்கு (லிட்டரில் பத்தில் ஒரு பங்கு) என்று போடும். முன்னதில் 3 என்பது பின்னதில் 0.3. இதைக் கவனிக்காமல் இரண்டு அறிக்கைகளை ஒப்பிட்டு, நோய் பத்து மடங்கு கூடிவிட்டதாகக் கலங்குவோர் உண்டு. லிட்டர் கணக்கில் 1-க்குக் கீழ் இருந்தால் இதய நோய் அபாயம் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம் என்பது வழக்கமான வகைப்பாடு. 10-ஐத் தாண்டினால் வேறு ஏதோ தொற்றோ காயமோ இருக்கிறது என்று கருதி, சில வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.

என் கருத்தில், இந்த எண்ணைக் கொண்டு மூச்சுத்தடை உண்டு, இல்லை என்று சொல்வது வீண் வேலை. வயிற்றுக் கொழுப்பும் இன்டர்லியூக்கின்-6-ஐச் சுரப்பதால், பருமனான ஒருவரின் சி.ஆர்.பி. உயர்வில் உடல் எடையின் பங்கு எவ்வளவு, மூச்சுத்தடையின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். பீடி, சிகரெட் பழக்கமும் மூட்டு வாதமும் அதை உயர்த்தும். கொலஸ்ட்ராலுக்குத் தரும் ஸ்டாட்டின் மாத்திரை தாழ்த்தும். அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான இ.எஸ்.ஆர். இன்னும் தெளிவற்றது, ரத்தசோகையிலும் முதுமையிலும் தானாகவே ஏறும்.

நோயை உறுதிசெய்வது தூக்கப் பரிசோதனையே. அதில் மணிக்கு 5-க்கும் குறைவான மூச்சுத்தடங்கல்கள் இயல்பு. 5 முதல் 15-க்குள் லேசானது, 15 முதல் 30 வரை மிதமானது, 30-க்கு மேல் கடுமையானது. ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் பார்ப்பவர், தாம் வழக்கமாக உறங்கும் நேரத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

உறங்கும்போது முகமூடி வழியே காற்றை அழுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சி-பாப் கருவி பொருத்திய பின் சி.ஆர்.பி. இறங்கவில்லை என்று கருவியைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். எடை குறையாதவரிடம் அது அசையாமலே இருக்கலாம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவருக்கு முதலில் பார்க்க வேண்டியது, பகலில் ஸ்டியரிங் பிடித்திருக்கும்போது கண் சொருகுவது நின்றதா என்பதுதான். நிற்கவில்லையானால், அறிக்கையில் எந்த எண் இருந்தாலும், வண்டி எடுக்குமுன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.