லூயிஸின் வாழ்க்கையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது எப்படி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்குப் பின்னால் செம்பனைதான், எண்ணெய் எடுக்கும் பனை. சனிக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தில் எட்டு, ஒன்பது பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். நார்னியா என்ற மாய உலகத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கதைகள் எழுதிய சி. எஸ். லூயிஸைப் பற்றி முதல் தடவை பேசியபோது, "1898-இல் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்தார்" என்றுதான் ஆரம்பித்தேன். பாதிப் பேர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படத்தில் ஆரம்பியுங்கள். இடுப்புக்கு மேலே மனிதன், கீழே ஆட்டுக்கால். கையில் குடை, கக்கத்தில் பொட்டலங்கள், சுற்றிலும் பனிக்காடு. இதை வரையச் சொல்லி, தாள்களை ஒரு மைலோ டின்னில் போட்டு மூடுங்கள். பனி தெரியாத பிள்ளைகளுக்கு ஐஸ்பெட்டியில் படிந்ததைச் சுரண்டி உள்ளங்கையில் வையுங்கள். கீழே கொட்டுவார்கள், துணி ஒன்று வேண்டும்.

அப்புறம் சொல்லுங்கள்: இந்தக் காட்சி லூயிஸின் மனத்தில் தோன்றியபோது அவருக்குச் சுமார் 16 வயது. அது புத்தகமாக வந்தது 1950-இல். கணக்கை அவர்களே போடட்டும்.

"அவ்ளோ நாளா என்னா பண்ணாரு, டீச்சர்?" என்று ஒருவனாவது கேட்பான். மிச்ச வாழ்க்கையை அதற்குப் பதிலாகச் சொல்லிவிடலாம். முதல் உலகப்போரில் பிரான்சில் காயம்பட்டார். 1925 முதல் ஆக்ஸ்ஃபோர்டில் பாடம் நடத்தினார். 1939-இல் குண்டுவீச்சுக்குப் பயந்து ஊரைவிட்டு அனுப்பப்பட்ட பிள்ளைகள் அவர் வீட்டில் வந்து தங்கினார்கள். முதல் நார்னியா கதையும் அப்படி லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட நாலு பிள்ளைகளோடுதான் தொடங்குகிறது. 1956-க்குள் ஏழு புத்தகங்கள். இதையெல்லாம் வேகமாகச் சொல்லலாம்.

அம்மா விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். சின்ன வயதில் லூயிஸ் அண்ணனோடு சேர்ந்து, சட்டை போட்டுப் பேசும் மிருகங்களுக்கு ஓர் உலகமே உண்டாக்கியிருந்தார். 1908-இல் அம்மா புற்றுநோயில் போய்விட்டார். லூயிஸுக்கு அப்போது 9 வயது. 1955-இல் வந்த ஆறாவது புத்தகத்தில் ஒரு பையன் படுக்கையில் கிடக்கும் அம்மாவுக்கு ஓர் ஆப்பிள் கொண்டுவருகிறான். அம்மா பிழைத்துக்கொள்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். பாட்டியிடம் வளரும் பிள்ளை ஒன்று நம் கூட்டத்திலும் இருக்கும், விளக்கம் வேண்டாம்.

டின்னை அன்றே திறக்காதீர்கள். நான் ஆண்டு இறுதி விடுமுறைக்கு முன்தான் திறக்கிறேன். போன வருஷம் ஒரு சிறுமி தன் படத்தை வாங்கிப் பார்த்தாள். ரப்பரால் குடையை அழித்துவிட்டு, அதே கையில் ஒரு செம்பனை மட்டையை வரைந்தாள்.