விகிதமுறு சார்பின் வரைபடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டத்தில் பிளஸ் டூ, கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். கூட்டல், கழித்தல் குறி மாறுவதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. விகிதமுறு சார்பை, அதாவது ஒரு பல்லுறுப்புக்கோவையை இன்னொன்றால் வகுத்து வரும் சார்பை, வரையும்போது ஒவ்வொரு புது பேட்ச்சிலும் திரும்பத் திரும்ப வரும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பகுதி சுழியானதும் செங்குத்துக் கோடு போடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். (எக்ஸ்² − எக்ஸ் − 6) / (எக்ஸ்² − 9) என்று கொடுத்தால், பகுதி (கோட்டுக்குக் கீழே உள்ளது) 3-லும் −3-லும் சுழியாகிறது என்று கண்டுபிடித்து, இரண்டு இடத்திலும் ஸ்கேல் வைத்துப் புள்ளிக்கோடு இழுத்துவிடுகிறார்கள். மேலே உள்ள தொகுதியைக் காரணிப்படுத்திப் பார்ப்பதே இல்லை. பார்த்தால் மேலேயும் கீழேயும் (எக்ஸ் − 3) இருக்கும். அது அடிபட்டுப் போனால் (எக்ஸ் + 2) / (எக்ஸ் + 3) மிஞ்சும். தொலைத்தொடுகோடு, அதாவது வளைவரை நெருங்கிக்கொண்டே போகும் கோடு, −3-ல் மட்டும்தான். 3-ல் இருப்பது துளை. சுருக்கிய வடிவத்தில் 3 போட்டால் அதன் உயரம் 5/6 என்று கிடைக்கும்.

சரி, சுருக்கிவிட்டால் அப்புறம் துளையை மறந்துவிடுவார்கள். "சாரே, போன்ல போட்டுப் பாத்தேன், கோடு எங்கயும் முறியலியே" என்று ஒரு மாணவன் வாதாடினான். ஒற்றைப் புள்ளிக்கு அகலம் கிடையாது, போன் திரையில் எப்படித் தெரியும்? கொடுத்த சார்பிலேயே 3-ஐப் போடச் சொன்னேன். 0/0 என்று வந்த பிறகுதான் ஒத்துக்கொண்டான். மாத்தூர் தொட்டிப் பாலத்தில் ஓரிடம் மட்டும் விட்டுப்போனால் இரு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும் அல்லவா, துளை அப்படித்தான். எல்லை (லிமிட்) பாடத்தில் நீக்கக்கூடிய தொடர்ச்சியின்மை என்று வருவதும் இதுவே. அதனால் சுருக்கும் முன்பே சார்பகத்தை, அதாவது எக்ஸ் எந்தெந்த மதிப்புகளை எடுக்கலாம் என்பதை, எழுதிவிடுங்கள்.

எக்ஸ் வெட்டுத்துண்டு

வளைவரை எக்ஸ் அச்சை வெட்டும் இடம் வேண்டுமா? சுருக்கிய பிறகு தொகுதியைச் சுழியாக்குங்கள். மேலே உள்ள கணக்கில் −2 மட்டும், 3 வராது.

கிடைமட்டத் தொலைத்தொடுகோட்டை வளைவரை வெட்டாது என்று நம்புவது

வெட்டலாம். எக்ஸ் / (எக்ஸ்² + 1) என்ற சார்புக்கு எக்ஸ் அச்சுதான் தொலைத்தொடுகோடு. ஆனால் ஆதிப்புள்ளியிலேயே வளைவரை அந்த அச்சை வெட்டிப் போகிறது. எக்ஸ் மிகப் பெரிதாகும்போதும், எதிர்ப்பக்கம் வெகுதூரம் போகும்போதும் நடப்பதைத்தான் அந்தக் கோடு சொல்கிறது. வெட்டவே முடியாதது செங்குத்துக் கோட்டை. அங்கே சார்புக்கு மதிப்பே இல்லை.

சாய்ந்த தொலைத்தொடுகோடு

பகுதியின் படியைவிடத் தொகுதியின் படி சரியாக ஒன்று கூடுதலா? நீள்வகுத்தல் செய்து ஈவை மட்டும் எடுங்கள், அதுதான் அந்தக் கோடு.

ஒரு பக்கம் மட்டும் புள்ளி வைத்து வரைவது

செங்குத்துக் கோட்டின் இரு பக்கமும் சோதியுங்கள். முதல் கணக்கில் −4 போட்டால் 2, −2.5 போட்டால் −1. கோட்டுக்கு இடப்பக்கம் வளைவரை மேலே ஏறுகிறது, வலப்பக்கம் கீழே இறங்குகிறது.