காயலான் கடைக்கு மூட்டை கட்டும் முன்

திண்டுக்கல்லில் 18 வருடமாகக் காயலான் கடை வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக்கை இப்படிப் பிரித்துக் கட்டிக் கொண்டுவாருங்கள், நல்ல விலை போட்டுத் தருகிறேன்.

முதலில் பால் கவர். மூலையை வெட்டும்போது அந்தத் துணுக்கைத் துண்டாக்காமல் கவரோடே தொங்க விடுங்கள். தனியே விழுந்தால் அது சாக்கடைக்குத்தான் போகும். தண்ணீர் விட்டு அலசி, கொடியில் கிளிப் போட்டுக் காய விடுங்கள். போன ஆடியில் ஒரு மூட்டையின் அடியில் அலசாத பத்து கவர் இருந்திருக்கிறது. பால் புளித்து மொத்த லோடும் நாறி, பழைய பிளாஸ்டிக் வாங்கும் மில்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். வண்டி வாடகை என் தலையில்.

அப்புறம் தண்ணீர் பாட்டில். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருந்தால் அது பெட் (PET) என்கிற பிளாஸ்டிக். மூடி வேறு பிளாஸ்டிக், ஆனால் கவலை வேண்டாம். ஆலையில் அரைத்துத் தொட்டியில் கொட்டினால் பெட் மூழ்கும், மூடித்தூள் மிதக்கும். சுருக்கி ஒட்டிய லேபிளைத்தான் கிழித்துவிட வேண்டும். அது பி.வி.சி.யாக இருந்தால் பெட்டோடு சேர்ந்து மூழ்கி, உருக்கும்போது கருகிச் சரக்கைக் கெடுத்துவிடும்.

சிப்ஸ் கவரைக் கசக்கிக் கையை விடுங்கள். தானாக விரிந்து, உள்ளே வெள்ளியாக மின்னினால் என்னிடம் கொண்டுவர வேண்டாம். ஒன்றோடொன்று ஒட்டிய படலங்களைப் பிரிக்க எங்கள் பக்க மில்களில் வழி கிடையாது.

சரி, அதற்கு யார் பொறுப்பு? விற்ற கம்பெனிதான். 2022 பிப்ரவரியில் வந்த விதிப்படி, சந்தைக்கு அனுப்பிய பிளாஸ்டிக்குக்கு ஈடான எடையைச் சேகரித்துக் கையாண்டதாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் அவர்கள் கணக்குக் காட்ட வேண்டும். தன் கவரையே தேடிப் பொறுக்க வேண்டியதில்லை; மறுசுழற்சி ஆலையிடம் சான்றிதழ் வாங்கினால் போதும். ஆனால் பாட்டிலுக்கு வாங்கிய சான்றிதழைக் காட்டிச் சிப்ஸ் கவர் கணக்கைத் தீர்க்க முடியாது. எனக்குப் பிடித்த விதி அதுதான்.

அதனால் அந்தக் கவர்களைத் தனிப் பையில் போட்டுத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். பிரித்துக் கொடுத்தால் சிமெண்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகவாவது போகும்.

ஞாயிறு காலையில் கடையில் கூட்டம் நெரியும். செவ்வாய், புதனில் வந்தால் நிதானமாக எடை போடலாம்.